பத்தாவது இடத்தில் இருக்கும் அணிக்கு ரசிகராக இருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஐ.பி.எல். கிரிக்கெட் தொடர் முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் (சி.எஸ்.கே.) புள்ளிப் பட்டியலில் பத்தாவது இடத்தில் நின்றது. இருப்பதே பத்து அணிகள்தான். அன்றிலிருந்து ஆபீஸிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெயிக்கும்போது மட்டும் வருகிற ரசிகர் என்று யாரைச் சொல்கிறோம்?

குளத்தில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் பறவை இருக்கும், வற்றினால் பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் மட்டும் அங்கேயே கிடந்து வாடும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பறவையைத்தான். ஏப்ரலில் வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் சிங்கம் வைப்பார். மூன்று ஆட்டம் தோற்றதும் சிங்கம் போய்ப் பிள்ளையார் வந்துவிடுவார்.

அந்தப் பாட்டைப் படித்தபோதே எனக்கு ஒரு சந்தேகம். ஆம்பலுக்கு ஏது இறக்கை? அது கூடவே இருந்தது பாசத்தாலா, வேர் சேற்றில் மாட்டிக்கொண்டதாலா? அன்றைக்கு வாத்தியாரிடம் கேட்கத் தைரியம் இல்லை. இப்போது எனக்கே விடை தெரியும். நான் ரொம்ப நல்லவன் என்பதால் சி.எஸ்.கே.வை விடாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் ஒன்பதாவது இடம் வந்தபோதே விட்டுப் பார்த்தேன். முடியவில்லை. அவ்வளவுதான்.

நான் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் வாயைக் கவனியுங்கள்.

ராபர்ட் சியால்டினி என்கிற அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1976இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து பெரிய விஷயம். ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைதோறும் மாணவர்கள் என்ன உடை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை சொந்தக் கல்லூரி ஜெயித்திருந்தால் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை அதிகமாகத் தென்பட்டது. பிறகு மாணவர்களுக்குப் போன் போட்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாம்’ என்ற சொல் தாராளமாக வந்தது. தோற்ற ஆட்டத்துக்கு ‘அவர்கள்’.

ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளைகளுக்குத் தப்பிக்க இருந்தது ஒரே வழி. தமிழில் நமக்கு எத்தனை வசதி! ஜெயித்த மறுநாள் பெங்களூரு ரசிகரிடம் “நாங்க அஞ்சு கப்பு” என்போம். அந்த ‘நாங்க’வில் அவருக்கு இடம் கிடையாது, கதவைச் சாத்தியாயிற்று. ஒரு ஆட்டம் தோற்றால் “என்ன இப்படி ஆடறானுங்க” என்று திணை மாறாமல் மரியாதை மட்டும் மாறும். இரண்டு தோற்றால் “சி.எஸ்.கே. சொதப்பிடுச்சு”, உயர்திணை அஃறிணையாகிவிட்டது. நான்கு தோற்றால் “நேத்து சென்னை தோத்துடுச்சாமே?” அந்த ‘ஆமே’ இருக்கிறதே, அதுதான் உச்சம். ராத்திரி பதினொன்றரை வரை கண் கொட்டாமல் பார்த்தவர், மறுநாள் காலையில் டீக்கடையில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர் ஆகிவிடுகிறார்.

“நாம தோத்துட்டோம்” என்று உங்களால் ஒரு ரயில் பெட்டியில் உரக்கச் சொல்ல முடியுமானால் நீங்கள் ஆம்பல்தான். அனுதாபங்கள்.

சி.எஸ்.கே. ரசிகர்கள் எப்போதுமே விசுவாசமானவர்கள்தானே?

அப்படித்தான் நாமே சொல்லிக்கொண்டோம். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

2008இலிருந்து 2015வரை எட்டு சீசன், இரண்டு வருடத் தடைக்குப் பிறகு 2018, 2019. ஆக, ஆடிய முதல் பத்து சீசனிலும் முதல் நான்கு இடத்துக்குள். 2023 வரை பத்து இறுதிப் போட்டி, ஐந்து கோப்பை. 2020இல் துபாயிலும் அபுதாபியிலும் ஏழாவது இடம் வந்தபோதுதான், முதல் நான்கு அணிகள் மோதும் பிளே ஆஃபை முதல் தடவையாகப் பார்க்காமல் வீட்டுக்குப் போனோம். அப்போதும் மைதானத்தில் ஆளில்லாத காலம். காலி நாற்காலியை யாரும் நம் கணக்கில் எழுதவில்லை. அடுத்த வருடமே கோப்பை. 2022இல் ஒன்பதாவது, 2023இல் மறுபடி கோப்பை. அதாவது அணி ஆடிய காலத்தில், 2023 வரை, ஒரு சீசனுக்கு மேல் நம்மை யாரும் பட்டினி போட்டதே இல்லை. மாதம் முதல் தேதி சம்பளம் தவறாமல் வருகிற ஊழியர், தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது மாதிரிதான் நம் பேச்சு.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சேப்பாக்கத்தில் நடந்த ஒரே ஆட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது கிரிக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அதை இப்போதும் சொல்வேன். அந்தச் சூழ்நிலையில் ஒரு தனி ரயில் பிடித்து ஆயிரம் பேர் அளவில் சென்னையிலிருந்து புனே போனார்கள். பெயர் விசில் போடு எக்ஸ்பிரஸ். ஷேன் வாட்சன் சதம் அடித்தார், 64 ரன்னில் வெற்றி. இரண்டு வருடம் அணியே இல்லாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு என் சல்யூட் உண்டு. ஆனாலும் போய் இறங்கிய இடத்தில் சதமும் வெற்றியும்தான் காத்திருந்தன என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.

2025இல் சேப்பாக்கத்தில் என்னதான் நடந்தது?

மார்ச் 23 அன்று மும்பையை ஜெயித்துத் தொடங்கினோம். அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆடிய ஐந்தும் தோல்வி. பெங்களூரு 2008க்குப் பிறகு முதல் தடவையாக இங்கே ஜெயித்தது, டெல்லி 2010க்குப் பிறகு, ஹைதராபாத் வரலாற்றிலேயே முதல் தடவையாக. யார் வந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்கிற மாதிரி அன்னதானச் சத்திரம் நடத்தினோம்.

எனக்கு நெஞ்சில் நிற்பது ஏப்ரல் 11, கொல்கத்தா ஆட்டம். கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் அடி, தோனி மறுபடி கேப்டன் என்று முந்தின நாள்தான் அறிவித்திருந்தார்கள். ஊரே திருவிழா மாதிரி கிளம்பி வந்தது. 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. அதுவரை சி.எஸ்.கே. வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் வாலாஜா சாலை நடைபாதையில் மஞ்சள் சட்டை விற்கிறவரிடம் விலை கேட்டிருந்தேன். 300 என்றார், பேரமே கிடையாது. வெளியே வரும்போது அதே ஆள், அதே கட்டு.

“எவ்ளோ அண்ணே இப்ப?”

“நூத்தம்பது குடு தம்பி.”

“பாதியா?”

“தோத்தா எவன் வாங்குறான்? நாளைக்கு வீட்ல கட்டி வெச்சா பூச்சிதான் அரிக்கும். தோனி பேர் போட்டது மட்டும் கேக்காத. அதுக்கு முந்நூறுதான்.”

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். படியேறி மேலே வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் சட்டையைத் தலை வழியாகக் கழற்றி நான்காக மடித்து உள்ளே வைத்தார். உள்ளே ஏற்கெனவே சாம்பல் நிற டி-ஷர்ட் போட்டிருந்தார். ஏப்ரல் மாதச் சென்னைப் புழுக்கத்தில் இரண்டு சட்டை! வீட்டிலிருந்து கிளம்பும்போதே தோல்விக்குத் தயாராக வந்திருக்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “வேளச்சேரி வரைக்கும் போகணும் சார், வழியெல்லாம் கலாய்ப்பானுங்க” என்றார்.

அவரைப் பறவை என்பதா, ஆம்பல் என்பதா? தோற்போம் என்று தெரிந்தும் டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார். தோற்றதும் சட்டையைக் கழற்றியும் விட்டார். சியால்டினியின் கணக்கில் அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நான் தோனிக்காக மட்டும்தான் பார்க்கிறேன். நான் சி.எஸ்.கே. ரசிகரா?

சட்டைக்காரருக்கே விடை தெரிந்திருக்கிறது. அவர் கணக்கில் அது வேறு சரக்கு, வேறு விலை.

மார்ச் 28 பெங்களூரு ஆட்டத்தில் தோனி ஒன்பதாவதாக இறங்கினார், 16 பந்தில் 30 அடித்தார், அணி 50 ரன்னில் தோற்றது. அந்த 30 ரன்னுக்கு எழுந்த விசிலின் ஒலியை மட்டும் கேட்டிருந்தால் நாம்தான் ஜெயித்தோம் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு முன்னும் பல சீசனாக, தோனி வரட்டும் என்று நம் ஆள் அவுட் ஆவதற்குக் கை தட்டுகிற கூட்டம் சேப்பாக்கத்தில் உண்டு. அதிகம் அனுபவித்தவர் ஜடேஜா. அதே ஜடேஜாதான் 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினோம்.

ஒரு ஆளுக்காக வருவது குற்றம் இல்லை. சினிமாவுக்கு அப்படித்தானே போகிறோம். ஆனால் சொந்த அணியின் விக்கெட்டுக்குக் கை தட்டுகிறவருக்கு என் பக்கத்து சீட் வேண்டாம்.

ஆர்.சி.பி. (பெங்களூரு) ரசிகர்களை 17 வருடம் கலாய்த்தோமே, மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். நான் கேட்டுவிட்டேன்.

மூன்று இறுதிப் போட்டியில் தோற்றவர்கள். 2009இல் 6 ரன்னில், 2011இல் நம்மிடம் இதே சேப்பாக்கத்தில் 58 ரன்னில், 2016இல் சொந்த ஊரில் 8 ரன்னில். 2017 ஏப்ரல் 23 அன்று 49க்கு ஆல் அவுட். சரியாக நான்கு வருடம் முன்பு அதே தேதியில் அவர்கள் 263 அடித்திருந்தார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு ‘ஈ சாலா கப் நம்தே’ என்று ஆரம்பித்தார்கள். கோப்பை இந்த வருடம் நம்முடையது என்று பொருள். ஏப்ரல் கடைசியில் பிளே ஆஃப் வாய்ப்பைக் கணக்குப் போடக் கால்குலேட்டரை எடுத்துவிட்டார்களா என்று நாம் சிரித்தோம். அந்தக் கன்னட வாக்கியத்தில் ‘நம்’ இருப்பதை நாம் கவனிக்கவில்லை. எத்தனை தோற்றும் அவர்கள் அந்தச் சொல்லை மாற்றவில்லை.

2025 ஜூன் 3 அன்று பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்தார்கள். அன்றிரவு என் பெங்களூரு நண்பனுக்கு “ஜெயிச்சுட்டீங்கடா” என்று அனுப்பினேன். அவன் அழுகிற குரலில் ஒரு ஆடியோ அனுப்பினான், பாதி புரியவில்லை. மறுநாள் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆடியோவை நான் திரும்பக் கேட்கவில்லை.

என்ன நடந்தாலும் முட்டுக் கொடுப்பதுதானே விசுவாசம்?

இல்லவே இல்லை. 103 அடித்ததற்குப் பிட்ச்தான் காரணம் என்று எழுதுகிறவர் அணிக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. கழுவி ஊற்றுங்கள். ஏலத்தில் யாரை வாங்கினார்கள், ஏன் முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் ஆட ஆள் இல்லை, எல்லாம் கேளுங்கள். கேட்கிறவன் வீட்டு ஆள். வேற்றாளுக்கு அந்தக் கோபமே வராது.

ஆனால் திட்டுவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. 1996 மார்ச் 13, உலகக் கோப்பை அரையிறுதி, கொல்கத்தா ஈடன் கார்டன். 252 இலக்கு, இந்தியா 8 விக்கெட்டுக்கு 120. பாட்டில் வீசினார்கள், இருக்கையைக் கொளுத்தினார்கள். ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி என்று அறிவித்துவிட்டார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார்.

மூன்று வருடம் கழித்து, 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். எதிரே பாகிஸ்தான். 271 இலக்கு. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது 17 ரன்தான் பாக்கி, கையில் மூன்று விக்கெட். நான்கு ரன்னில் அந்த மூன்றும் போய்விட்டன. 12 ரன்னில் தோல்வி. ஒரு நிமிடம் மைதானமே செத்த வீடு மாதிரி இருந்தது. பிறகு வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. என் சித்தப்பா அன்றைக்கு அங்கே இருந்தார். “கை தட்டினது எனக்கே தெரியாது, வீட்டுக்கு வந்தப்புறம்தான் உள்ளங்கை எரிஞ்சுது” என்பார். 2025இல் சட்டையைப் பாதி விலைக்கு விற்றதும் இதே மைதானத்து வாசலில்தான்.

அப்படியானால் சென்னையில் உண்மையான ஆம்பல் யார்?

தமிழ் தலைவாஸ் ரசிகர்கள். சந்தேகமே வேண்டாம்.

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. ஊர்த் திருவிழாவில் மின்விளக்குக் கட்டி விடிய விடிய ஆடுகிற மண். அப்படிப்பட்ட ஊரின் பெயரில் 2017இல் புரோ கபடிக்குள் நுழைந்த அணி, முதல் இரண்டு சீசனிலும் தன் பிரிவில் கடைசி. 2019இல் பிரிவெல்லாம் இல்லை, பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது. 2022இல்தான் முதல் தடவையாக அரையிறுதி பார்த்தார்கள், அங்கேயும் தோல்வி. இன்னமும் கோப்பை வரவில்லை. இவர்களுக்காகவும் ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் “2025 ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு” என்று சொல்லிப் பாருங்கள்.

கால்பந்தில் ‘சென்னையின் எஃப்.சி.’ அணியும் லேசுப்பட்டதில்லை. 2018இல் சாம்பியன், அடுத்த சீசனில் கடைசி இடம், அதற்கடுத்த சீசனில் இறுதிப் போட்டி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்கவும்.

தோற்றாலும் கூட்டம் வந்தால் நிர்வாகத்துக்குச் சோம்பேறித்தனம் வராதா?

நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுத் திருப்தியான பதில் இல்லை.

இங்கிலாந்துக் கால்பந்தில் தோற்றால் கீழே தள்ளிவிடுவார்கள். சண்டர்லாந்து என்கிற அணி 2017இல் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, அடுத்த வருடமே மூன்றாம் அடுக்குக்கு. அந்த மூன்றாம் அடுக்கில், 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். கப்பல் கட்டும் தளமும் நிலக்கரிச் சுரங்கமும் மூடிய ஊர் அது. அவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்த அணிதான். 2025இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பினார்கள். அங்கே கூட்டம் வருவதும் அணி மேலேறுவதும் ஒரே கயிற்றில் கட்டிய விஷயம். டிக்கெட் பணம் இல்லாவிட்டால் கிளப்பே மூழ்கிவிடும்.

ஐ.பி.எல்.லில் கீழே தள்ளுவது கிடையாது. ஒளிபரப்பு உரிமைப் பணம் பொதுவில் வந்து எல்லா அணிக்கும் பிரிகிறது, பத்தாவது வந்தாலும் பங்கு உண்டு. ஆகவே இங்கே காலி நாற்காலிக்கு ஒரு மொழி இருக்கிறது. ஒரு சீசன் டிக்கெட் வாங்காமல் இருப்பவரை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து “நாம” என்று சொல்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

அணி மாறலாமா?

பத்து வயதுக்குள் தாராளமாக. கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போகிறவர்கள் புகுந்த வீட்டு அணியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். மற்றபடி, போகிறவர்கள் சத்தம் போடாமல் போகலாம். திரும்பி வரும்போதும் சத்தம் போடக் கூடாது, அதுதான் நிபந்தனை.

குழந்தையை நம் அணிக்கு ரசிகராக வளர்ப்பது கொடுமையா?

சிகாகோவில் கப்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி. 1908இல் சாம்பியன், அதற்கடுத்து 2016இல்தான். 108 வருடம். ஜெயிப்பதைப் பார்க்காமலேயே பிறந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அந்த 2016 கடைசியில் ரிக்லி ஃபீல்டு மைதானத்தின் வெளிச் செங்கல் சுவரில் மக்கள் சாக்பீஸால் பெயர் எழுத ஆரம்பித்தார்கள். அப்பா பெயர், பாட்டி பெயர், இந்த நாளைப் பார்க்காமல் போனவர்கள் பெயர். கைக்கு எட்டிய உயரம்வரை சுவர் நிறைந்தது. மழை வந்து அழித்தால் மறுபடி எழுதினார்கள்.

இதைச் சொல்லித்தான் என் மகளை மஞ்சள் பக்கம் இழுக்கப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அந்தத் தாத்தா பாட்டிக்கெல்லாம் ஒரு தடவைகூட சந்தோஷமே இல்லையாப்பா?” என்றாள். அவள் மும்பை இந்தியன்ஸ். எட்டு வயது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

நடைபாதையில் வாங்கிய மஞ்சள் சட்டை சாயம் போகிறது. என்ன செய்வது?

முதல் தடவை கல் உப்புப் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தனி பக்கெட்டில் அலசவும். வெந்நீர் ஆகாது. உள்பக்கம் திருப்பி நிழலில் உலர்த்தவும், முதுகில் உள்ள எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்க வேண்டாம். 150 ரூபாய்க்கு வாங்கிய என்னுடையதை அவசரத்தில் எல்லாத் துணியோடும் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டி இரண்டும் இப்போது இளமஞ்சளாக இருக்கின்றன. மனைவி இன்னும் பேசவில்லை.